பிரான்ஸ் புள்ள

அண்ணன் பாரிஸிலிருந்து கூப்பிட்டபோது அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவன் அம்மாவின் நம்பருக்குத்தான் கூப்பிடுவான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய பிறகு. அன்று செவ்வாய்க்கிழமை. அடித்தது என் போன்.

"அந்த வீடியோவ சேனல்லேர்ந்து எடுத்துடு" என்றான். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"எந்த வீடியோண்ணா?"

"எதுன்னு உனக்குத் தெரியும். இன்னிக்கே எடுத்துடு."

"அம்மாவக் கேக்காம எப்பிடி..."

"என்னை யாராவது கேட்டிங்களா?"

வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

அவன் சொன்ன வீடியோவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'பிரான்ஸ் புள்ள'. படம் பிடித்தது நான், நடித்தது எங்கள் அம்மா. அந்த வாரம் வெள்ளிக்கிழமை அதையும் இன்னும் சில வீடியோக்களையும் பாரிஸில் இருக்கிற ஒரு சின்ன கம்பெனிக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தோம். அது நாங்கள் வெளிநாட்டுக்கு விற்க இருந்த முதல் சரக்கு.

நாங்கள் இருப்பது வில்லியனூரை அடுத்த ஒரு சின்ன ஊர். மாதா கோயிலைச் சுற்றி நாலைந்து தெரு, அதைத் தாண்டினால் நெல்லும் கரும்பும். என் வீட்டுக்காரர் திருபுவனையில் ஒரு தொழிற்சாலைக்கு பைக்கில் போய்வருகிறார். அப்பா இறந்ததும் அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் நாங்கள் அம்மா வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். அண்ணன் அதற்கு முன்பே பிரான்ஸ் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் 'சொல்தா' என்போம். அண்ணி அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பெண். பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கிற வீடு. கல்யாணம் ஆகி, காகிதமெல்லாம் சரியாகி, அவன் போனான். போனவன் இரண்டு முறை வந்தான். அப்பா அடக்கத்துக்கு வரவில்லை. லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னான்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று என் கையில் போனைக் கொடுத்து, வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து கல்லறை வரை அவனுக்கு நேரலையாகக் காட்டச் சொன்னார்கள். ஒரு கையில் மெழுகுவர்த்தி, ஒரு கையில் போன். அழக்கூட முடியவில்லை, அழுதால் கை ஆடும். அண்ணனுக்கு அனுப்பிய லிங்க்கை அவன் யாருக்கோ அனுப்ப, அவர்கள் இன்னும் யாருக்கோ அனுப்ப, கடைசியில் பிரான்ஸில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அப்பாவின் அடக்கத்தைப் பார்த்திருந்தார்கள். அடுத்த மாதமே பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அந்த வீட்டுப் பிள்ளையும் பிரான்ஸில். என்னைத்தான் கூப்பிட்டார்கள். பிறகு கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மை. ஒரு ஸ்டாண்டும் நல்ல மைக்கும் வாங்கி, நெட்டில் ஒரு வீடியோ சேனலும் தொடங்கினேன்.

ஒருநாள் அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் மீன்காரியிடம் மல்லுக்கு நின்றதை விளையாட்டாகப் பிடித்து சேனலில் போட்டேன். அதில் அம்மா பேசிய பேச்சை வில்லியனூரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அது தினமும் தெருவில் கேட்கிற பேச்சு. சென்னையிலிருந்து ஒருவர், இது என்ன தமிழ் என்று கிண்டலாக எழுதினார். ஆனால் பாரிஸிலிருந்து பலர் பாராட்டி எழுதினார்கள். ரீயூனியன் தீவிலிருந்து, தமிழ் வம்சத்தில் வந்தும் தமிழே தெரியாத ஒருவர், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திட்டும்போது இந்தச் சத்தம்தான் வரும் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தார். கனடாவிலிருந்து ஒரு இலங்கைப் பெண், 'எங்கட அம்மாவும் இப்பிடித்தான்' என்றாள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"எங்கம்மா மாதிரின்னு சொல்றாளா? அப்ப இன்னொண்ணு எடு" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அம்மா எந்த வசனத்தையும் மனப்பாடம் செய்ய மாட்டாள். இன்ன விஷயம் என்று சொன்னால் போதும், எதிர்வீட்டு அக்காவைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாள். நான் வெட்டி ஒட்டுவேன்.

வெளிநாட்டு வியாபாரம் என்றால் கப்பலில் போவது, லாரியில் போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் சரக்கு ஒரு சித்தியின் குரூப்பிலிருந்து ஒரு மச்சானின் ஸ்டேட்டஸுக்கும், அங்கிருந்து பாரிஸில் ஒரு மளிகைக் கடைக்காரரின் போனுக்கும் போனது. அந்தக் கடைக்கு சாமான் வாங்க வந்த பெண்தான் கம்பெனிக்காரி. அவள் குடும்பமும் எங்கள் பகுதிதான், பாகூர் பக்கம். சின்ன வயதில் போய்விட்டவள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் மாதச் சந்தா கட்டிப் பார்க்கிற ஒரு தளம் நடத்தினாள்.

"பெரிய படம்லாம் எல்லார்கிட்டயும் இருக்கு" என்று முதல் போனிலேயே சொன்னாள். "அத வித்து நான் பொழைக்க முடியாது. உங்க தெருவுல பேசுற பேச்சு வேற எங்கயும் கெடைக்காது. அதுக்குத்தான் என்கிட்ட சந்தா கட்டுவாங்க."

அதற்கு முன் மலேசியாவிலிருந்து ஒருவர் விசாரித்தார். எல்லாம் பார்த்துவிட்டு, பேச்சு புரியவில்லை, கொஞ்சம் பொதுத் தமிழில் எடுக்க முடியுமா என்று கேட்டார். அம்மாவால் முடியாது. அது அதோடு நின்றது. பாரிஸ்காரிக்கு அந்தப் புரியாத பேச்சுதான் வேண்டியிருந்தது. அவளுடைய சந்தாக்காரர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து ஆட்கள், மீதிப் பேர் அவர்களுக்குச் சம்பந்தி, சிநேகிதம். பிள்ளைகளுக்காக பிரெஞ்சில் சப்டைட்டில் மட்டும் போட வேண்டும் என்றாள்.

'பிரான்ஸ் புள்ள' அம்மாவின் யோசனை. வேறு எதையோ எடுக்க உட்கார்ந்திருந்தோம்.

"பிரான்ஸ் புள்ளயப் பத்தி ஒண்ணு எடுப்போமா?" என்றாள்.

"அண்ணன் பாத்தா?"

"பாக்கட்டும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு அம்மா பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, மகனின் வீடியோ காலுக்கு உட்கார்ந்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரி வந்து வம்பு பேசுகிறாள். கால் வருகிறது. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மகன் முகம் அப்படியே நின்றுவிடுகிறது. சிக்னல் இல்லை என்று குரல் மட்டும் வருகிறது, அதுவும் போய்விடுகிறது. அம்மா முந்தானையால் போனைத் துடைக்கிறாள். "தூசிடி. தூசி போனா பேசுவான்" என்கிறாள். எதிர்வீட்டுக்காரி சிரிக்கிறாள். அப்போது அம்மா சொல்கிறாள்: "காசு மாசம் மாசம் வந்துடுதுடி. மொகந்தான் வரமாட்டேங்குது."

முதலில் சிரித்துக்கொண்டு பார்த்தவர்கள் எல்லாம் இந்த இடத்தில் அழுததாக எழுதினார்கள். எங்கள் வீடியோக்களில் எதுவும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை. பாரிஸ்காரி இதைத்தான் முதலில் போட வேண்டும் என்றாள்.

அண்ணன் போனை வைத்த பிறகு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"எடுக்காத" என்றாள்.

"ரொம்பக் கோவமா பேசினான்மா."

"என்கிட்ட பேசட்டும்."

அவன் அம்மாவிடம் பேசவில்லை. ஆனால் மற்றவர்கள் பேசினார்கள். உறவுக்காரர்கள் குரூப்பில் மதியத்துக்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பிரான்ஸில் இருக்கிறவர்கள் பலர், எங்களைக் கேவலப்படுத்தி சம்பாதிக்கிறீர்களா என்றார்கள். இங்கே இருக்கிறவர்கள் பலர் அம்மா பக்கம். அவரவர் பிள்ளைகளை நினைத்துப் பேசினார்கள் போல. வீடியோவின் கீழேயும் அதே சண்டை. புதன்கிழமை காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது அப்பா வழிச் சொந்தம் ஒருவர் என்னை நிறுத்தினார்.

"உங்கண்ணன் அனுப்புன காசுல மாடி கட்டிட்டு, அந்த மாடியிலயே நின்னு அவன அசிங்கப்படுத்துறியே, இது நல்லாவா இருக்குது?"

கூட்டமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். மாடி அவன் காசில் கட்டியதுதான். வீடியோவையும் மாடியில்தான் எடுத்தோம், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும். அம்மா என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டு வாசல் வரை பிடியை விடவில்லை. அவள் விரல்கள் என் மணிக்கட்டில் பதிந்திருந்தன.

அன்று மத்தியானம் பாரிஸ்காரி கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"உங்க அண்ணியோட அப்பா இங்க பெரிய மனுஷன், தெரியுந்தானே? இங்க நம்ம ஊர்க்காரங்க சங்கத்துல இருக்கார். என் சந்தாக்காரங்க எல்லாம் அந்தச் சங்கம் வழியா, அந்தக் கடைங்க வழியா வந்தவங்கதான். நெறைய பேர் நிறுத்திடுவோம்னு சொல்றாங்க."

"அப்ப வேணாமா?"

"இது இல்லாம மத்ததை வெச்சி நான் இன்னா பண்றது? எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க." பிறகு ஒரு யோசனை சொன்னாள். "முடிவ மட்டும் மாத்திடுங்களேன். கடைசில புள்ள வந்து கதவத் தட்ற மாதிரி. முகம்கூட காட்ட வேணாம். வெள்ளிக்கெழமைக்குள்ள வந்தா போதும்."

எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. என் வீட்டுக்காரரே கதவைத் தட்டலாம். ஒரு மணி நேர வேலை. அண்ணனுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வராத புள்ளய வந்துட்டான்னு நான் எப்பிடிடி நடிக்கிறது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல இருந்தது. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் சாதாரணமாக எதிலும் தலையிட மாட்டார். அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், "எடுத்துடலாம். ஒரு வீடியோவுக்காக அண்ணன் தங்கச்சி உறவு போவணுமா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் போனைக் கையில் எடுத்தேன். நீக்கு என்கிற இடத்தில் விரல் வைத்தால் போதும். எத்தனை தடவை வைக்கப்போய் எடுத்தேன் என்று தெரியாது. அண்ணன் சொன்னதற்காக எடுத்தால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? அம்மாவுக்காக விட்டால், அண்ணன் இனி ஞாயிற்றுக்கிழமைகூடக் கூப்பிடாமல் போய்விட்டால்?

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் அவனிடமிருந்து செய்தி வந்தது. 'வர்றேன். அம்மாகிட்ட சொல்லாத.' அவ்வளவுதான். எதற்கு வருகிறான், அண்ணியும் பிள்ளைகளும் வருகிறார்களா, ஒன்றும் இல்லை. பதில் போட்டேன். பார்க்கவில்லை. விமானம் ஏறிவிட்டான் போல.

வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் மாடி அறையைக் கூட்டுவதை அம்மா பார்த்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்காவை அனுப்பி வஞ்சிர மீன் வாங்கிவரச் சொன்னாள். எங்கள் வீட்டில் வஞ்சிரம் விரும்பிச் சாப்பிடுகிறவன் ஒருத்தன்தான்.

கார் வந்து நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. தனியாக வந்திருந்தான். ஒரு பை. முன்மண்டையில் முடி கொட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, அப்பாவின் சாயல் வந்திருந்தது. தெருவில் இரண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

"வா" என்றாள் அம்மா.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஷூவைக் கழற்றவில்லை.

"சாப்புட்றியா?"

"வேணாம்."

"தண்ணி?"

"ஒண்ணும் வேணாம்மா. அந்த வீடியோவ எடுக்கச் சொல்லு."

அம்மா எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன் எடுக்கணும், சொல்லு. நீ நேர்ல வந்து சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

அவன் சொன்னான். அண்ணியின் தங்கை மகளுக்குப் புதுநன்மை. ஒரு ஹால் எடுத்து விருந்து. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரோ ஒருவர் போனிலிருந்து பெரிய டிவியில் 'பிரான்ஸ் புள்ள'யைப் போட்டுவிட்டார். முதலில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு யாரோ, இது உங்க சம்பந்தியம்மா தானே என்று அவன் மாமனாரிடம் கேட்டார்.

"ஹாலே திரும்பி என்னைப் பாக்குது. நான் கைல தட்டோட நிக்கிறேன். டிவில நீ போனத் துடைக்கிற, ஹால்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. வெளிய போயிட்டேன். கார்ல போயி உக்காந்துகினேன். மாமனார் வூட்ல இன்னி வரைக்கும் யாரும் என்கிட்ட பேசல. உங்க அம்மாவ நீ எப்பிடி வெச்சிருக்கன்னு ஊருக்கே தெரிஞ்சிடுச்சின்னு உன் மருமவ சொல்றா."

"நான் பொய்யா சொன்னேன்?" என்றாள் அம்மா.

"சிக்னல் இல்லன்னு நான் சொன்னதுதான் பொய்." அவன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். "ஆஸ்பத்திரில வேல செய்றேன்னு உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரில இன்னாவா இருக்கேன்னு தெரியுமா? கிச்சன்ல இருக்கேன். ஞாயித்துக்கெழம எனக்கு லீவு கெடையாது. தலைல வலை, கைல கிளவுஸ், அதோட லாக்கர் ரூம்ல நின்னுகினு பேசுறேன். யாராவது வந்தா கேமராவ மூடிடுவேன். இந்தக் கோலத்துல நீ பாக்க வேணாம்னு மூடிடுவேன்."

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஊரில் எல்லாரும் அவனை ஆஸ்பத்திரியில் ஏதோ ஆபீசர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் மறுத்ததில்லை.

அம்மா ஸ்டூலை அவன் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள்.

"வலையப் பாத்தேன்டா" என்றாள். "ஒருவாட்டி நீ மூடறதுக்குள்ள பாத்துட்டேன்."

"கேக்கவே இல்லியே நீ?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா அவனைத் தொடவில்லை. தொட்டுவிடுவாள், எல்லாம் முடிந்துவிடும் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். சட்டி வைக்கிற சத்தம் கேட்டது. அவன் என்னைப் பார்த்து, "அப்பவும் எடுக்கத்தான் வேணும், பாப்பா" என்றான். "நான் அங்கதான் வாழணும்."

"நாளைக்கு அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கணும்ணா."

"எந்தக் கம்பெனி, யாரு, எல்லாம் எனக்குத் தெரியும். மாமனார் அவங்ககிட்ட பேசிட்டாராம்."

மேஜைமேல் என் லேப்டாப் திறந்திருந்தது. பாரிஸ்காரி அன்று காலையில்தான் பிரெஞ்சு சப்டைட்டில் போட்ட பிரதியை அனுப்பியிருந்தாள். சரிபார்க்கச் சொல்லியிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு எதைச் சரிபார்ப்பது? ஏதாவது காட்டி அவனைச் சமாதானம் செய்ய முடியுமா என்று நினைத்தேனோ, சும்மா உட்கார முடியாமலோ, அதை ஓடவிட்டேன். அவன் பார்க்க விரும்பாதவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு கண் தன்னால் கீழே ஓடுகிற எழுத்துக்குப் போனது.

"நிறுத்து" என்றான். "பின்னால போ."

பின்னால் போனேன்.

"இன்னா இது? அம்மா இன்னா சொன்னாங்க இங்க?"

"காசு மாசம் மாசம் வந்துடுதுடி, மொகந்தான் வரமாட்டேங்குது."

"இதுல அப்பிடி இல்ல." அவன் திரையில் விரல் வைத்தான். "மாசக்கணக்கா காசு வரலன்னு போட்டிருக்குது. எங்கிட்ட காசு இல்ல, அவன் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறான்னு. அம்மா பிச்ச கேக்குற மாதிரி இருக்குது இது. யாரு எழுதினது?"

எனக்குப் புரிய நேரமானது. சேனலில் போடும்போது மற்ற மொழிக்குத் தானாக மாற்றிக்கொடுக்கிற வசதி ஒன்று இருந்தது. அதை அப்படியே விட்டிருந்தேன். எங்கள் பேச்சு அதற்குப் பாதி விளங்காது. காதில் விழுந்ததை எப்படியோ எழுதி, அதை எப்படியோ பிரெஞ்சாக்கியிருந்தது. பாரிஸ்காரியும் வேலையைச் சுருக்க அதிலிருந்துதான் எடுத்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், ஆனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டாள்.

"அந்த விருந்துல டிவில ஓடினப்ப கீழ எழுத்து ஓடுச்சா?" என்று கேட்டேன்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க இருந்த பசங்க யாருக்கும் தமிழ் தெரியாது" என்றான் மெதுவாக. "மருமகனுங்க, மருமகளுங்க, பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாரும் இதத்தான் படிச்சிருக்காங்க." பிறகு, "வீட்டுக்குப் போறப்ப என் பெரிய பொண்ணு கார்ல கேட்டா. அப்பா, நீ ஏன் உங்கம்மாவுக்குப் பணம் அனுப்பறதில்லன்னு. அவ அம்மா வீட்டுல யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சி அவளத் திட்டிட்டேன்."

அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. "நான் காசு கேட்டேன்னா போட்டிருக்கான்?" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் பார்க்காத கோபம் அப்போதுதான் வந்தது. "உன்கிட்ட நான் என்னிக்குடா காசு கேட்டேன்?"

"நீ கேக்கலம்மா."

"அப்ப மாத்து அத."

அவன் ஷூவைக் கழற்றினான். நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டான். ஒவ்வொரு வரியாக நிறுத்தினான். சில இடங்களில் அவனே திகைத்தான்.

"அம்மா, 'எகத்தாளம் பேசாத'ன்னு எந்த அர்த்தத்துல சொன்ன? கிண்டலா, திமிரா?"

"ரெண்டுந்தான்."

"ரெண்டுக்கும் அங்க ஒரே வார்த்த இல்ல."

"அப்ப பெருசா இருக்கறத போடு."

எதிர்வீட்டு அக்கா விஷயம் தெரிந்துகொள்ள வந்தவள், அவள் பேசிய வரிகளை அவன் வாசித்துக் காட்டியபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வஞ்சிரக் குழம்பைத் தட்டில் போட்டு அம்மா மேஜையோரம் வைத்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் எழுந்து போய்விடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா போனைத் துடைக்கிற இடம் வந்தது. "தூசிடி, தூசி போனா பேசுவான்." அவன் ஒன்று எழுதினான், அழித்தான். வேறொன்று எழுதினான். அதையும் அழித்தான். கடைசியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

மறுநாள் காலை பிரதியை அனுப்பினோம். முடிவை மாற்றவில்லை. எடு என்றும் அவன் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. பாரிஸ்காரி கூப்பிட்டு, ஒரு வரி விட்டுப்போயிருக்கிறதே என்றாள். போனை அவன் வாங்கினான்.

"விட்டுப்போகல. அது பாத்தாலே தெரியும்" என்றான். பிறகு பிரெஞ்சில் நீளமாக ஏதோ பேசினான். அவன் பிரெஞ்சு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நிதானமாக, உரக்க, யாருக்கும் பயப்படாதவன்போலப் பேசினான். என்ன பேசினாய் என்று கேட்டேன். "எங்கம்மா பேச்ச மிஷின்ல போட்டு அரைக்காதீங்கன்னு சொன்னேன்" என்றான்.

நான் அன்றே சேனலில் தானாக வருகிற மொழிமாற்றத்தை நிறுத்திவிட்டு, அவன் எழுதியதை ஏற்றினேன். அவன் அதன் லிங்க்கை யாருக்கோ அனுப்பினான். அண்ணிக்குத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எங்களோடு வந்தான். அன்று மத்தியானமே கிளம்பிவிட்டான், அதற்கு மேல் லீவு இல்லை. கார் ஏறும்போது அம்மாவிடம், "எனக்குக் கோவம் போகல" என்றான். "எனக்கும்தான்" என்றாள் அம்மா. ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்துவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீடியோ பாரிஸில் ஓடியது. சில குடும்பங்கள் சந்தாவை நிறுத்தின. சங்கத்தில் இன்னும் முறைப்புதான். அண்ணனின் மாமனார் அவனோடு பேச இரண்டு மூன்று மாதம் ஆனது, பேசியபோதும் வீடியோவைப் பற்றிப் பேசவில்லையாம். அண்ணி ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், அம்மாவும் பதிலுக்குக் கேட்டாள். ஆனால் ரீயூனியனிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் நாங்கள் எதிர்பார்க்காத அளவுக்குப் புதிய ஆட்கள் சேர்ந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள், அந்த எழுத்தைப் படித்துக்கொண்டு அம்மாவின் சத்தத்தைக் கேட்கிறவர்கள். பாரிஸ்காரி அடுத்த தொகுப்பையும் வாங்கிக்கொண்டாள். பிரெஞ்சு எழுத அண்ணனையே கேட்கச் சொன்னாள். நான் கேட்டேன். முடியாது என்றான். அப்படியும் நான் வீடியோக்களை அனுப்பினேன். எழுதி அனுப்பினான்.

அவனும் அம்மாவும் 'பிரான்ஸ் புள்ள'யைப் பற்றி இதுவரை பேசிக்கொண்டதில்லை. பேசுவதெல்லாம் வார்த்தைகளைப் பற்றித்தான். வாரத்தில் எந்த நாளும் கூப்பிடுகிறான், ஷிப்ட்டுக்கு நடுவில், பஸ்ஸுக்கு நிற்கும்போது. போன வாரம்கூடக் கூப்பிட்டான்.

"எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் நீளம்னு சொல்லியிருக்கியே, அத அப்பிடியே எழுதினா நெஜமாவே வாய் நீளம்னு நெனைப்பாங்கம்மா."

"நெனைக்கட்டும்" என்றாள் அம்மா. "அவளுக்கு நீளந்தான்."

எதிர்வீட்டு அக்கா எங்கள் அடுக்களையில்தான் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாடா தம்பி, என்னைப் பத்தி இன்னா எழுதற?" என்று போனை வாங்கிக்கொண்டாள்.